உங்கள் வார்டு செய்தி எல்லோருக்கும் போய்ச் சேருகிறதா?

‘வேர்டு, எக்ஸெல் எல்லாம் ஓரளவு பழகிவிட்டேன். இனி இந்தக் கம்ப்யூட்டரை வைத்து உருப்படியாக என்ன செய்வது?’ புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. உங்கள் வார்டு கவுன்சிலருக்கு உதவுங்கள் என்பேன். சிரிக்காதீர்கள். நாளொன்றுக்குப் பத்து நிமிட வேலை. பலன் ஒரு வார்டுக்கே.

எங்கள் ஊர் ஒரு பேரூராட்சி. 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் வென்றவர் தையல் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா. வந்ததும் வார்டுக்கென்று வாட்ஸ்அப் குழு தொடங்கினார். குடிநீர் முறை நாள், கொசு மருந்துப் புகை, நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி, கண் மருத்துவ முகாம், சொத்து வரிக்குக் கடைசித் தேதி என்று எல்லாம் அதில் வரும். எப்படி வரும்? அலுவலகத்தில் அச்சடித்த சுற்றறிக்கையை மேசைமேல் வைத்து மொபைலில் எடுத்த போட்டோவாக. ஒன்றில் அவர் கட்டைவிரல் தெரியும், இன்னொன்றில் தாளே பாதிதான் இருக்கும்.

‘‘தம்பி, நான் ஒண்ணு விடாம போடறேன். ஒருத்தரும் படிக்கிறதில்லை. தண்ணி வரலேன்னு காலைல என் வாசல்லதான் வந்து நிக்கிறாங்க’’ என்றார் ஒருநாள்.

படிக்காததற்குக் காரணம் சோம்பல் மட்டுமில்லை. எங்கள் தெருவில் பார்வை இழந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஆண்ட்ராய்டு மொபைலில் இருக்கும் டாக்பேக் வசதி, திரையில் உள்ள எழுத்தை அவருக்கு வாசித்துக் காட்டும். போட்டோ வந்தால் ‘போட்டோ’ என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். நம் ஊரில் அரையாண்டு சொத்து வரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31 ஆகிய தேதிகளுக்குள் கட்டினால் வரியில் 5 சதவீதம் (அதிகபட்சம் 5,000 ரூபாய்) ஊக்கத்தொகை உண்டு. அந்தச் செய்தி குழுவில் வந்திருந்தும் அவருக்குத் தெரியவில்லை. ‘போட்டோவிலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க கூகுள் லென்ஸ் இருக்கிறதே’ என்பீர்கள். நேராக எடுத்த தெளிவான படம் என்றால் சரி. சாய்ந்த படத்தில் 3 என்பதை 8 என்று படித்துவிட்டால் ஐந்து நாள் போய்விடும்.

‘அலுவலகத்திலேயே கம்ப்யூட்டரில்தானே டைப் செய்கிறார்கள், அதை அப்படியே காப்பி செய்து போடலாமே’ என்று அக்காவே ஒருமுறை முயன்றார். குழுவில் வந்து விழுந்தவை தமிழே இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை! இதன் காரணத்தைப் புதியவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாமினி போன்ற பழைய ஃபாண்ட்களில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்திருப்பார்கள். பாமினியில் ‘அம்மா’ என்று நீங்கள் டைப் செய்தால் ஃபைலுக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள்தான். அந்த ஃபாண்ட் இருக்கும் கம்ப்யூட்டரில் அம்மா தெரிவார். வாட்ஸ்அப்பில் ஃபாண்டை நாம் தேர்ந்தெடுக்க வழியில்லை, எனவே உள்ளே இருக்கும் ஆங்கிலம் அப்படியே வெளியே வந்துவிடும். யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் உலகம் முழுவதற்கும் பொதுவான தனி எண் உண்டு. ஆகவே எந்த மொபைலிலும் தமிழ் தமிழாகத் தெரியும், தேடினால் கிடைக்கும், டாக்பேக்கும் வாசிக்கும். தமிழக அரசு 2010ஆம் ஆண்டிலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆனாலும் பழகிய ஃபாண்டை யாரும் லேசில் விடுவதில்லை.

டைப் செய்வது எப்படி?

விண்டோஸ் 11ல் ஸ்டார்ட் மெனுவில் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லேங்குவேஜ், லேங்குவேஜ் அண்ட் ரீஜன் என்று செல்லுங்கள். ஆட் எ லேங்குவேஜ் பட்டனில் க்ளிக் செய்து தமிழைச் சேருங்கள். பிறகு தமிழுக்கு நேராக உள்ள மூன்று புள்ளிகளில் க்ளிக் செய்து, லேங்குவேஜ் ஆப்ஷன்ஸ் சென்றால் கீபோர்டு சேர்க்கலாம். ஒலிப்பு முறையில் டைப் செய்ய ஃபொனெட்டிக், முறையாகக் கற்க விரும்பினால் தமிழ்99. எனக்குக் கேட்டால் தமிழ்99தான். ஒரு வாரம் கை வலிக்கும், அப்புறம் வேகம் தானே வரும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறிக்கொள்ளலாம்.

அலுவலக ஃபைலே கையில் கிடைத்தால் திரும்ப டைப் செய்ய வேண்டாம். எந்த ஃபாண்ட் என்று பார்த்து, அதை யூனிகோடாக மாற்றித் தரும் கன்வெர்ட்டரை இண்டர்நெட்டில் தேடிப் பயன்படுத்துங்கள். இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் நடுவே ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழாக நினைத்து மாற்றிவிடும். தேதி, போன் நம்பர், தொகை மூன்றையும் மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் அனுப்பவே கூடாது.

அக்காவின் வாட்ஸ்அப்பை என் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் மூலம் இணைத்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். அவருடைய சொந்த அரட்டைகளும் என் திரைக்கு வந்துவிடும். நான் டைப் செய்து அவருக்கு அனுப்புவேன். அவர் படித்துப் பார்த்துக் குழுவில் போடுவார். கொஞ்சம் தாமதமாகும், ஆனால் செய்திக்குப் பொறுப்பு அவர்தானே!

‘நாளை’ என்று எழுதாதீர்கள்

‘நாளை குடிநீர் வராது’ என்று ஒரு செய்தி. அது பக்கத்து வார்டுக்குப் போய், அங்கிருந்து ஒரு மாதம் கழித்து எங்களுக்கே திரும்பி வந்தது. அன்று தெருவில் பாதிப்பேர் அண்டா, குடம் எல்லாம் நிரப்பி வைத்தார்கள். எந்த ‘நாளை’ என்று செய்தியில் இல்லையே! அதன்பிறகு முதல் வரியிலேயே வார்டு, பொருள், ஆண்டுடன் கூடிய தேதி, கிழமை எல்லாம் வரும்படி எழுதினோம். இப்படி:

வார்டு 7, குடிநீர். 14-10-2025, செவ்வாய். குழாய் பழுதுபார்ப்பதால் காலை முறை இல்லை. மாலை 4 மணிக்கு லாரி வரும். வெளியிட்ட நாள் 12-10-2025.

போட்டோ போட்டே ஆகவேண்டும் என்றால், அதன் கீழே இந்த நான்கு வரிகளையும் எழுத்தாகப் போடுங்கள். இப்படி வந்த முதல் செய்தியை ஆசிரியர் டாக்பேக்கில் கேட்டுவிட்டு, அக்காவுக்குப் போன் செய்து, லாரி எந்த முனையில் நிற்கும் என்று கேட்டார். அடுத்த செய்தியில் அதுவும் சேர்ந்தது.

குழுவா, சேனலா என்பதையும் யோசிக்க வேண்டும். குழுவில் 1,024 பேர் வரை சேரலாம், ஆனால் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். முன்பின் தெரியாத போன்கள் வருவதாகச் சொல்லி எங்கள் வார்டில் சில பெண்கள் வெளியேறியே விட்டார்கள். 2023ல் வந்த வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவரின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. அறிவிப்புக்கு அதுவே நல்லது. ஆனால் அதில் குறை சொல்ல முடியாது. அதற்குக் கவுன்சிலரின் நம்பரைத் தனியாகக் கொடுத்துவிடுங்கள்.

குறைக்குப் பதில் சொல்வதில் ஸ்பெயினில் கிரனாடா நகருக்கு அருகிலுள்ள ஹுன் என்ற சிற்றூர் பெயர் பெற்றது. மக்கள்தொகை சுமார் 3,500. அதன் மேயராக இருந்த ஹோசே அந்தோனியோ ரோட்ரிகஸ் சலாஸ், ட்விட்டரையே (2023 முதல் அதற்கு எக்ஸ் என்று பெயர்) ஊராட்சி அலுவலகம்போல நடத்தினார். தெருவிளக்கு எரியவில்லை என்று ஒருவர் இரவில் எழுத, சில நிமிடங்களில் மேயர் அதை ஊர் எலெக்ட்ரீஷியனுக்குத் தெரியும்படி பதில் எழுதினார். மறுநாள் எரியும் விளக்கின் போட்டோவை எலெக்ட்ரீஷியனே போட்டார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அந்த ஊரை ஆராய்ந்து 2015ல் எழுதியிருக்கிறார்கள். போட்டோவுக்கு உரிய இடம் இதுதான் என்பது என் கருத்து: வேலை முடிந்ததைக் காட்ட.

ஓர் எச்சரிக்கை. உதவித்தொகை பெறுவோர் பட்டியலை எக்ஸெல் ஃபைலாகக் குழுவில் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். ஆதார் நம்பர் உள்ள காலத்தை ‘ஹைட்’ செய்துவிட்டோம் என்பார்கள். ஹைட் செய்தால் மறையும், அழியாது. ரைட் க்ளிக் செய்து அன்ஹைட் கொடுத்தால் மொத்தமும் வந்து நிற்கும். ‘பட்டியல் அலுவலகத்தில் உள்ளது, நேரில் பார்க்கலாம்’ என்ற ஒரு வரி போதும்.

மொபைலே இல்லாதவர்களையும் விட்டுவிடாதீர்கள். அந்த வாரத்துச் செய்திகளை வேர்டில் ஒட்டி, எழுத்தளவை 24 ஆக்கி, ஒரு ஏ4 தாளில் பிரிண்ட் எடுங்கள். ரேஷன் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, வரிசை நிற்கும் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.