விதை மஞ்சளைக் காயம் ஆற்றி நடுங்கள்

அந்தியூர், பவானி வட்டாரங்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் சில மஞ்சள் வயல்களில் செடிகள் திட்டுத் திட்டாகப் பழுத்துச் சாய்வதுண்டு. அடி இலைகளின் ஓரம் காயும். தண்டின் அடிப்பகுதி நீர் கோத்து மெதுவாகும். இழுத்தால் தண்டு கையோடு வந்துவிடும். தோண்டிப் பார்த்தால் கிழங்கு பழுப்பு நிறமாகிக் கூழாகியிருக்கும். இதுவே கிழங்கு அழுகல் நோய். பித்தியம் என்ற பூசணம் இதற்குக் காரணமாகும்.

வயலில் தேங்கும் மழைநீர் இந்நோயைப் பெருக்குகிறது. ஆனால் நோய், விதைக் கிழங்கின் வழியாகவும் வயலுக்குள் வருகிறது. ஒருமுறை வந்துவிட்டால் பூசணம் மண்ணிலேயே தங்கி அடுத்த பயிரையும் தாக்கும். எனவே மழைக்காலத்தில் மருந்து தேடுவதைவிட, அறுவடையின்போதே விதையைக் கவனிப்பது சிறந்தது.

விதைத் தேர்வு

அழுகல் கண்ட வயலிலிருந்து விதை எடுக்கக் கூடாது. செடிகள் பச்சையாக நிற்கும்போதே நோயற்ற பகுதியை அடையாளமிட்டு வைக்க வேண்டும். ஈரோடு உள்ளூர் ரகமானாலும், பி.எஸ்.ஆர். 2 போன்ற பவானிசாகர் ரகமானாலும் இதுவே முறை. விரலியானால் 20 முதல் 25 கிராம் எடையும், ஒன்றிரண்டு நல்ல முளைக்கண்களும் உள்ளவை ஏற்றவை.

சுத்தம் செய்தல்

கிழங்கில் ஒட்டிய மண்ணைக் கையால் உதிர்த்து, வேர்களை நீக்க வேண்டும். கழுவாமல் இருப்பதே நல்லது. களிமண் அப்பியிருந்தால் ஓடும் நல்ல நீரில் விரைவில் அலசி, நீர் வடிய விட வேண்டும். தொட்டி நீரில் ஊறப் போட்டால் ஓர் அழுகல் கிழங்கின் பூசணம் மற்றவற்றுக்கும் பரவும். மண்வெட்டி பட்டவை, நசுங்கியவை, பழுப்பேறியவை ஆகியவற்றைக் கழித்துவிட வேண்டும்.

நிழலில் உலர்த்தல்

கொத்திலிருந்து விரலியை ஒடித்த இடம் ஒரு பச்சைக் காயமாகும். ஈரமான இக்காயமே பூசணத்துக்கு வாசல். காற்றோட்டமுள்ள சாளையிலோ மர நிழலிலோ மெல்லப் பரப்பினால், சில நாட்களில் காயத்தின் மேல் தக்கை போன்ற படலம் உண்டாகி வாசல் அடைபடும். ஒடித்த இடத்தைத் தொட்டால் விரலில் ஈரமோ மஞ்சளோ ஒட்டாத நிலையே சரியான பதம்.

வேகவைத்த மஞ்சளைப் போல விதையை வெயிலில் காயவிடக் கூடாது. வெயிலில் கிழங்கு சுருங்கி முளைக்கண் கருகிவிடும்.

சேமிப்பு

உலர்ந்த விதையை நிழலில் குவித்து, காய்ந்த மஞ்சள் இலையால் மூடலாம். குழியில் மணல் அல்லது மரத்தூள் இட்டு, எட்டித் தழையுடன் சேமிப்பதும் உண்டு. குழியைப் பலகையால் மூடினால் காற்றுக்கு ஓரிரு துவாரம் விட வேண்டும். கிழங்கும் மூச்சு விடுகிறது. அடைத்து வைத்தால் சூடேறி வியர்க்கும். 15 நாட்களுக்கு ஒருமுறை பிரித்துப் பார்த்து, அழுகியவற்றை அகற்ற வேண்டும். சாம்பல் நிறச் செதில்கள் ஒட்டியிருந்தால் அது செதில் பூச்சி. அது சாற்றை உறிஞ்சிக் கிழங்கை வற்றச் செய்யும்.

விதை நேர்த்தி

வைகாசி, ஆனியில் நடவுக்கு முன் மீண்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். 100 லிட்டர் நீருக்கு 300 கிராம் மாங்கோசெப் கலந்து, கிழங்கை 30 நிமிடம் ஊறவைத்து, நிழலில் ஈரம் போக உலர்த்தி நடலாம். கரைசல் கலங்கினால் புதிதாகக் கலக்க வேண்டும். செதில் பூச்சி இருந்தால், அப்போது அனுமதியிலுள்ள மருந்தைத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டறிந்து பயன்படுத்த வேண்டும்.

டிரைக்கோடெர்மா போன்ற உயிர்ப் பூசணத்தை ரசாயன மருந்துடன் கலந்தால் அது செத்துவிடும். எனவே அதனை ஏக்கருக்கு ஒரு கிலோ வீதம் 20 கிலோ மக்கிய தொழு உரத்தில் கலந்து வயலில் இடலாம்.

எச்சரிக்கை

கையுறை அணிந்தே மருந்துக் கரைசலைக் கையாள வேண்டும். மீந்த கரைசலைக் கிணற்றோரத்திலோ வாய்க்காலிலோ ஊற்றக் கூடாது. நேர்த்தி செய்து மீந்த கிழங்கை வேகவைக்கவோ விற்கவோ கூடாது. ஈரோடு மஞ்சள் 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பெயரைக் காப்பதும் விவசாயிகளின் கையில்தான் உள்ளது.

ஏக்கருக்குச் சுமார் 800 கிலோ விதை தேவைப்படுகிறது. சாகுபடிச் செலவில் இது பெரும் பங்கு. ஒன்பது மாதப் பயிரின் பாதுகாப்பு, பொறுக்கி உலர்த்தும் சில நாட்களில் அடங்கியிருக்கிறது. விதையை நிழலில் காயம் ஆற்றி, வயலில் நீர் தேங்காமல் வடிகால் அமைத்தால் அழுகல் நோயைப் பெருமளவு குறைக்கலாம்.