புது பேட்டரி வாங்கும் முன்... கிளாம்பைக் கழற்றிப் பாருங்கள்!

சம்பா நடவுக்குச் சேறடிக்கும் நேரத்தில் டிராக்டர் ஒரு நாள் படுத்துவிட்டால், நாற்றின் வயது ஏறிவிடும். பேசி வைத்த நடவு ஆட்களும் அடுத்த வயலுக்குப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட நாளில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்ற சத்தத்தோடு வண்டி அடங்கிப்போகிறது. 'பேட்டரி போச்சு' என்று முடிவு கட்டி, ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதிது வாங்கி மாட்டுகிறார்கள். வண்டி கிளம்புகிறது. சில வாரங்களில் அதே தொல்லை மறுபடியும் வருகிறது.

புதிதை மாட்டும்போது கிளாம்பைக் கழற்றி இறுக்குவதால்தான் அந்தச் சில வாரங்கள் ஓட முடிந்தது. அப்படியென்றால் கோளாறு பேட்டரிக்குள் இல்லை, இணைப்பில்தான் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க அரை மணி நேரமும், ஒரு ஸ்பேனரும், ஒரு துண்டு உப்புத்தாளும் போதும்.

லைட் எரிகிறது, செல்ஃப் ஏன் சுற்றவில்லை?

'ஹாரன் அடிக்கிறது, லைட் எரிகிறது. அப்புறம் இணைப்பில் என்ன கோளாறு?' என்று தோன்றலாம். மடையில் செத்தை அடைத்திருந்தாலும் கசிவுத் தண்ணீர் போகத்தான் செய்யும்; முழு மடைத் தண்ணீர்தான் போகாது. இங்கேயும் அதுதான் நடக்கிறது.

ஒரு ஹெட்லைட் பல்புக்கு சுமார் 5 ஆம்பியர் மின்சாரம் போதும். ஆனால், டீசல் இன்ஜினைச் சுற்றும் செல்ஃப் மோட்டாருக்கு 200, 300 ஆம்பியருக்கு மேலும் தேவைப்படும். கிளாம்புக்கும் டெர்மினலுக்கும் நடுவே படிந்த அழுக்கு, ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடையை உண்டாக்கினாலே, 300 ஆம்பியர் ஓடும்போது 3 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். 12 வோல்ட்டில் 3 போனால், செல்ஃப் முனகும், இன்ஜின் சுற்றாது. அதே அழுக்கால் லைட்டுக்கு ஏற்படும் இழப்பு கண்ணுக்கே தெரியாது.

டெர்மினலில் ஏன் பூக்கிறது?

பேட்டரியில் இருப்பது கந்தக அமிலம். அதன் ஆவியும் கசிவும் ஈயத்தில் பட்டால் வெள்ளைப் பொடியும், செம்புக் கம்பியில் பட்டால் நீலப்பச்சைப் பொடியும் படியும். டிராக்டரின் அதிர்வில் கிளாம்பு தளர்வதும், சேற்றுத் தண்ணீர் தெறிப்பதும், உர மூட்டைகளோடு ஒரே கொட்டகையில் வண்டி நிற்பதும் இதை வேகப்படுத்தும். மேலே பளிச்சென்று இருந்தாலும், கிளாம்பின் உள்பக்கம் கறுத்துப் போயிருக்கலாம். கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

ஹெட்லைட்டே சோதனைக் கருவி

கியரை நியூட்ரலில் வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, ஹெட்லைட்டை எரியவிட்டு சாவியைத் திருப்புங்கள்.

* லைட் சட்டென்று அணைந்து, சாவியை விட்டதும் பழையபடி எரிந்தால், முதலில் கிளாம்பையும் எர்த் வயரையும் சந்தேகப்படுங்கள்.
* லைட் மங்கி, செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், பேட்டரியில் சார்ஜ் குறைந்திருக்கலாம்.
* லைட் துளியும் மங்காமல், செல்ஃபும் சுற்றாமல் இருந்தால், சாவி ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், சோலனாய்டு பக்கம் பாருங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம். வண்டி சில மணி நேரம் ஓடாமல் இருந்த பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதிதான்.

அடுத்து, இன்ஜினை நிறுத்தும் ராடை இழுத்து வைத்துக்கொண்டு, ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரின் ஒரு முனையை டெர்மினலிலும் இன்னொரு முனையை அதே கிளாம்பிலும் வைக்க வேண்டும். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். பிறகு நெகட்டிவ் டெர்மினலுக்கும் இன்ஜின் பாடிக்கும் நடுவே பாருங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் சரியில்லை. ஒவ்வொரு முறையும் 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது.

சுத்தம் செய்யும் முறை

1. சாவியை ஆஃப் செய்யுங்கள். மோதிரம், வளையல், வெள்ளி அரைஞாண் இருந்தால் கழற்றி வையுங்கள். பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயு தீப்பிடிக்கும் என்பதால், பீடி, சிகரெட் பக்கத்தில் வரக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் அவசியம்.
2. பாடியில் சேரும் எர்த் கிளாம்பை முதலில் கழற்றுங்கள். மற்றதை முதலில் கழற்றினால், ஸ்பேனர் பாடியில் பட்டு தீப்பொறி பறக்கும்.
3. ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் பொடியைத் தேயுங்கள். செல் மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். சோடா தண்ணீர் உள்ளே போகக் கூடாது.
4. நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, டெர்மினலையும் கிளாம்பின் உள்பக்கத்தையும் ஈயம் மினுங்கும்வரை உப்புத்தாளால் தேயுங்கள்.
5. எர்த் வயரின் மறுமுனையை மறக்காதீர்கள். சேஸிஸில் அது சேரும் இடத்தில் துருவும் பெயின்ட்டும் போய் இரும்பு தெரிய வேண்டும்.
6. மாட்டும்போது எர்த் கடைசி. கையால் திருகினால் அசையாத அளவுக்கு இறுக்கினால் போதும். சுத்தியலால் தட்ட வேண்டாம். பேட்டரி ஆடாதபடி அதன் பட்டையையும் இறுக்குங்கள்.
7. இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள்.

கிளாம்பு விரிந்திருந்தாலோ, வயரின் உறைக்குள் செம்பு பச்சை பூத்து நொறுங்கினாலோ அவற்றை மாற்றிவிடுங்கள். கிளாம்பு சேராவிட்டால் ஆணியையோ தகரத்தையோ இடுக்கில் சொருகுவது, அடுத்த கோளாறுக்கு அழைப்பு.

உயிரை வாங்கும் குறுக்கு வழி

அவசரத்தில் சிலர் கீழே நின்றபடி ஸ்குரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரின் முனைகளை ஷார்ட் செய்து ஸ்டார்ட் செய்கிறார்கள். வண்டி கியரில் இருந்தால், அந்த நொடியே பின்சக்கரம் அவர் மீது ஏறிவிடும். இப்படி உயிர் போன சம்பவங்கள் உண்டு. ஒரு நாள் வேலை தவறினாலும் இந்த வழி வேண்டாம்.

வாசகர்கள் கேட்பவை

ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்கலாமா?

கூடாது. அந்த நேரத்தில் வோல்ட்டேஜ் திடீரென எகிறி, ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போய்விடலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருந்தால் சார்ஜ் ஏறுகிறது.

டிராக்டர் உழும்போதே நின்றுவிடுகிறது. இதுவும் பேட்டரி இணைப்பாலா?

சாதாரண டீசல் பம்ப் உள்ள பழைய டிராக்டர், ஒருமுறை கிளம்பிவிட்டால் பேட்டரி இல்லாமலும் ஓடும். எனவே டீசல் ஃபில்டர், காற்றுப் பிடிப்பு ஆகியவற்றை முதலில் பாருங்கள். டீசலை நிறுத்த மின் சோலனாய்டு உள்ள வண்டிகளும், டீசல் செலுத்துவதை கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புதிய வண்டிகளும் தளர்ந்த கிளாம்பால் நின்றுபோகலாம்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்?

ஒவ்வொரு பட்டத்துக்கும் உழவு தொடங்கும் முன் ஒருமுறை செய்தால் போதும். வேலை நாட்களில், காலையில் ஆயில் பார்க்கும்போதே, இன்ஜின் நின்றிருக்க, கிளாம்பைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அன்றைக்கே இறுக்கிவிடுங்கள்.