ஃபைனலில் யாரைப் பாட அனுப்புவது? கபடியின் 30 விநாடிக் கணக்கு!

'கில்லி' படத்தில் வேலு மதுரைக்கு வந்தது எதற்காக என்று கேட்டால், பலரும் தனலட்சுமியைத்தான் சொல்வார்கள். ஆனால், அவர் கிளம்பி வந்ததே கபடிப் போட்டிக்காகத்தான்! மதுரைக்கும் கபடிக்கும் உள்ள பொருத்தம் அப்படி.

உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும், பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் மின்விளக்கு கட்டி விடிய விடியக் கபடி நடக்கும். ஃபைனல் நெருங்கும்போது பொழுது விடியப் போகும். ஆடுபவர்களின் முழங்காலில் அதற்குள் நாலைந்து சிராய்ப்பாவது இருக்கும். அந்த நேரத்தில் கேப்டன் முன்னால் நிற்கிற பெரிய கேள்வி ஒன்றுதான்: அடுத்து யாரைப் பாட அனுப்புவது?

வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்குப் பதில் சுலபம். "நல்லா பாடுறவனையே திரும்பத் திரும்ப அனுப்புப்பா!" ஆனால், விஷயம் அவ்வளவு லேசு இல்லை.

பிடிபட்டால் பெஞ்ச்!

கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான். போனவர் பிடிபட்டால், எதிரணிக்கு ஒரு புள்ளி போவதோடு முடிவதில்லை. அவர் வெளியே உட்கார வேண்டும். கூட ஆடுபவர் யாராவது புள்ளி எடுத்துக் கொடுத்தால்தான் மறுபடி உள்ளே வரலாம். அணியின் சிறந்த ரெய்டர் ஐந்து நிமிஷம் வெளியே உட்கார்ந்தால், 40 நிமிட ஆட்டத்தில் எட்டில் ஒரு பங்கு அவர் இல்லாமலே போய்விடும். ஒரே ஆளை நம்பியிருக்கும் அணி, அவர் வெளியே போனதும் தடுமாறுவது இதனால்தான்.

இன்னொரு சிக்கல், மூன்றாவது ரெய்டு. ஓர் அணி தொடர்ந்து இரண்டு ரெய்டுகளில் புள்ளி எடுக்காமல் திரும்பினால், அடுத்தது 'டூ ஆர் டை'. புள்ளி இல்லாமல் திரும்பினாலே அவுட். இந்த மூன்றாவது ரெய்டுக்குச் சிறந்த ஆளை அனுப்பினால் புள்ளி வர வாய்ப்பு அதிகம். பிடிபட்டால் இழப்பும் அதிகம். அதனால் சில அணிகள் இதற்கென்றே இரண்டாவது ரெய்டர் ஒருவரைத் தயார் செய்து வைத்திருக்கும்.

எதிரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதும் கணக்குதான். ஆறு பேருக்குக் குறையாமல் நின்றால் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்து ஒரு புள்ளி தேற்றலாம். அதற்குக் கால் நீளமான, நிதானமான ஆள் போதும். மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நின்றால், ஆடுகளம் காலியாகத் தெரியும். ஆனால், அவர்கள் பிடித்துவிட்டால் 'சூப்பர் டேக்கிள்', இரண்டு புள்ளி!

மூன்று ஃபைனல், மூன்று பதில்

2016 அக்டோபர் 22, அகமதாபாத். உலகக் கோப்பை ஃபைனல். பாதி ஆட்டத்தில் ஈரான் 18-13 என்று முன்னிலை. கேப்டன் அனூப் குமாரே பெயர்பெற்ற ரெய்டர்தான். ஆனாலும் ஆட்டத்தைத் திருப்பியது, பின்னாளில் தமிழ் தலைவாஸ் கேப்டனான அஜய் தாக்கூர். அவர் 12 புள்ளிகள் எடுக்க, இந்தியா 38-29 என்று வென்றது. தஞ்சை மாவட்டத்து தர்மராஜ் சேரலாதன் அந்த அணியில் இருந்தார்.

2019 ஜனவரி 5, மும்பை. புரோ கபடி ஃபைனலில் பெங்களூரு புல்ஸ் முதல் பாதியில் பின்தங்கியிருந்தது. பவன் செராவத் என்ற ஒரே ஆளை நம்பினார்கள். அவர் 22 புள்ளிகள் குவித்தார். குஜராத்தை 38-33 என்று சாய்த்துக் கோப்பை வந்தது.

அதே வருஷம் அக்டோபர் 19. இந்த முறை கதை தலைகீழ். பெங்கால் வாரியர்ஸின் கேப்டனும் முக்கிய ரெய்டருமான மணிந்தர் சிங் காயத்தால் ஃபைனலில் இறங்கவில்லை. எதிரில் டெல்லியின் நவீன் குமார், அந்த சீசன் முழுக்க யாராலும் அடக்க முடியாதவர். அன்றும் 18 புள்ளிகள் எடுத்தார். ஆனால், ஜெயித்தது பெங்கால், 39-34! ஈரான் வீரர் நபிபக்‌ஷும் சுகேஷ் ஹெக்டேயும் ரெய்டைப் பங்கிட்டுக் கொள்ள, தமிழக வீரர் ஜீவா குமார் இருந்த தடுப்பு வரிசை தோள் கொடுத்தது.

ஒற்றை ஆளை நம்பியும் கோப்பை வரும், பங்கிட்டாலும் வரும். கையில் யார் இருக்கிறார்கள், எதிரில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவிலும் இதே தலைவலி உண்டு. அவர்களுடைய ஃபுட்பாலில் பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர் குவார்ட்டர்பேக். 2018 ஜனவரியில் நடந்த கல்லூரி ஃபைனலில் அலபாமா அணி பாதி ஆட்டத்தில் 0-13 எனப் பின்தங்கியது. பயிற்சியாளர் நிக் சேபன், அதுவரை ஆடிய ஜேலன் ஹர்ட்ஸை உட்காரவைத்து, முதலாமாண்டு மாணவர் டுவா டகோவைலோவாவை இறக்கினார். கூடுதல் நேரத்தில் 26-23 என்று ஜெயித்தார்கள்.

கோப்பையை விடப் பெரியது

மதுரைப் பக்கத்துப் பையன்களுக்கு இந்தக் கணக்கில் வேறொன்றும் சேர்கிறது. ரயில்வே, காவல்துறை போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை இருக்கிறது. கல்லூரியில் ஃபீஸ் சலுகையும் கிடைக்கலாம். ஃபைனலில் யார் பாடப் போகிறார் என்பது சில வீடுகளின் எதிர்காலத்தையும் தொட்டுவிட்டு வருகிற விஷயம்.

அதனால்தான் முட்டி வீங்கியிருந்தாலும், "வலி இல்லண்ணே, நான் போறேன்" என்று முன்னால் நிற்பார்கள் பையன்கள். தசைநார் கிழிந்த காலோடு இன்னொரு ரெய்டு போனால், மாதக்கணக்கில் ஓய்வு. சில நேரம் ஆட்டமே முடிந்துவிடும். கோப்பை அடுத்த பொங்கலுக்கும் வரும். முட்டி அப்படி இல்லை.

மணிந்தர் இல்லாமல் பெங்கால் ஜெயித்த கதையை ஊர்க் கேப்டன்கள் நினைவில் வைத்துக்கொள்வது இதற்காகவே நல்லது. இரண்டாவது ரெய்டரை ஃபைனல் அன்று தேட முடியாது. சின்ன ஆட்டங்களிலேயே அவனையும் பாட விட்டுப் பழக்கியிருக்க வேண்டும். அப்போதுதான், "நீ உக்காருடா, அவன் போகட்டும்" என்று காயம்பட்ட பையனிடம் தைரியமாகச் சொல்ல முடியும்.