கணினியின் இரைச்சல்: ஹீட்சிங்க் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பகல் சந்தடியில் காதில் விழாத கணினியின் இரைச்சல், இரவில் வீடு அடங்கிய பிறகு நன்றாகவே கேட்கும். பிள்ளைகள் தூங்கும் அறையிலேயே கணினியும் இருக்கும் வீடுகள் நம்மிடையே ஏராளம். பயான், பாடம் என்று மைக் வைத்துப் பதிவு செய்பவர்களுக்கோ, பேச்சு நிற்கும் ஒவ்வோர் இடைவெளியிலும் அந்த 'உஸ்' ஓசை சேர்ந்து பதிவாகிவிடும். பலர் இதற்குப் பழகிக்கொள்கிறார்கள். சிலர் 'சிஸ்டம் பழசாகிவிட்டது' என்று புதிதாக வாங்கவே கிளம்பிவிடுகிறார்கள். பல நேரங்களில் மாற்ற வேண்டியது ப்ராசசரின் மேல் இருக்கும் ஹீட்சிங்க்கையும் அதன் விசிறியையும் மட்டுமே. சில நேரங்களில் அதைக்கூட மாற்றத் தேவையில்லை.

சத்தம் ஏன் வருகிறது?

ப்ராசசர் செலவழிக்கும் மின்சாரம் அனைத்தும் கடைசியில் வெப்பமாகவே வெளிவருகிறது. அந்த வெப்பத்தை வாங்கிக் காற்றில் பரப்புவதுதான் ஹீட்சிங்க்கின் வேலை. ப்ராசசரைத் தொடும் அடித்தட்டு, அதிலிருந்து மேலேறும் செம்புக் குழாய்கள், குழாய்களில் கோத்த அலுமினியத் தகடுகள் ஆகியவையே அதன் உறுப்புகள். ஹீட்பைப் எனப்படும் அந்தக் குழாய்க்குள் காற்றை நீக்கிவிட்டு, சிறிதளவு நீரை வைத்து அடைத்திருப்பார்கள். சூடான முனையில் நீர் ஆவியாகி மேலே செல்லும். அங்கே வெப்பத்தைத் தகடுகளுக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து, உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் வழியாகத் திரும்பி வரும்.

தகடுகளின் மொத்தப் பரப்பு சிறியதாக இருந்தால், அதே வெப்பத்தை வெளியேற்ற விசிறி வேகமாகச் சுற்றியாக வேண்டும். பிரச்சினை இங்கேதான் தொடங்குகிறது. விசிறியின் வேகம் பாதியானால் அது தள்ளும் காற்றும் பாதியாகிறது. ஆனால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் இறங்குகிறது. 10 டெசிபல் குறைந்தாலே சத்தம் பாதியானதுபோல் நம் காதுக்குத் தோன்றும். ஆகவே, வேகத்தைச் சற்றுக் குறைத்தாலும் அமைதியில் பெரிய பலன் கிடைக்கும்.

ஒரே மாதிரியான இரண்டு விசிறிகள் ஒரே வேகத்தில் சுற்றினால், ஒன்று மட்டும் சுற்றுவதைவிட 3 டெசிபல்தான் கூடும். எனவே வேகமாகச் சுற்றும் ஒரு சிறு விசிறியைவிட, மெதுவாகச் சுற்றும் ஒரு பெரிய விசிறியோ இரண்டு விசிறிகளோ அமைதியாக இருக்கும். அமைதியான விசிறியைத் தேடுவதற்கு முன், விசிறி மெதுவாகச் சுற்றினாலும் போதும் என்கிற அளவுக்குப் பெரிய ஹீட்சிங்க்கைத் தேட வேண்டும். இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்தால் தேர்வில் பாதி முடிந்துவிடும்.

வாங்கும் முன் செய்து பார்க்க வேண்டியவை

முதலில், நன்றாக இருந்த கணினி சில ஆண்டுகளில் சத்தம் போடத் தொடங்கியிருந்தால், தகடுகளுக்கு இடையே தூசி அடைத்திருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, ப்ளோயரால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள்.

இரண்டாவது, தெர்மல் பேஸ்ட். ப்ராசசரின் மேற்பரப்பும் ஹீட்சிங்க்கின் அடித்தட்டும் பார்வைக்கு வழுவழுப்பாகத் தெரிந்தாலும், அவற்றுக்கிடையே நுண்ணிய பள்ளங்களில் காற்று தங்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது; அந்த இடத்தை நிரப்பவே பேஸ்ட் பூசுகிறோம். அது காய்ந்து போயிருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும்.

மூன்றாவது, பயாஸ் அமைப்பில் விசிறி வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி. ப்ராசசரின் வெப்பம் ஒரு நொடியில் ஏறி அடுத்த நொடியில் இறங்கும் தன்மையுடையது. விசிறியும் கூடவே ஏறி இறங்கினால், சீரான சத்தத்தைவிட அது அதிக எரிச்சலைத் தரும். வேகம் மாறுவதற்குச் சில நொடிகள் தாமதம் வைக்கும் வசதி பல மதர்போர்டுகளில் உண்டு. அதை இயக்கி, 60 டிகிரி வரை விசிறி மெதுவாகவே சுற்றும்படி அமைத்துப் பாருங்கள். இந்த மூன்றும் பலனளித்தால் செலவு மிச்சம்.

எத்தனை வாட்?

ப்ராசசர் பெட்டியில் போட்டிருக்கும் வாட் அளவை அப்படியே நம்பி வாங்கக் கூடாது. இன்டெல் கோர் ஐ5-12400 ப்ராசசரின் அடிப்படை அளவு 65 வாட். முழு வேகத்தில் அது 117 வாட் வரை எடுக்கும். ஏஎம்டியின் ஏஎம்5 வகையில் 65 வாட் என்று போட்டிருந்தால் 88 வாட் வரையிலும், 105 என்றால் 142 வரையிலும், 170 என்றால் 230 வரையிலும் செல்லும். இந்த உச்ச அளவைப் பார்த்தே ஹீட்சிங்க்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் இரண்டு வகைகளுக்கு, 4 ஹீட்பைப்புகளும் 120 மி.மீ. விசிறியும் கொண்ட ஒற்றைக் கோபுர ஹீட்சிங்க் தாராளமாகப் போதும். அதற்கு மேலே போனால் இரட்டைக் கோபுர வகையைப் பார்க்கலாம். தண்ணீர்க் குளிர்விப்பான் அமைதியானது என்று கடைகளில் சொல்வார்கள். அதிலும் விசிறிகள் உண்டு, கூடவே பம்பின் ஓசையும் உண்டு. பம்பு நின்றுவிட்டால் அந்தச் சாதனமே பயன்படாது. கோபுர வகையில் பழுதாகக்கூடியது விசிறி ஒன்றுதான். அதைத் தனியே மாற்றிக்கொள்ளலாம். வண்ண விளக்குகளுக்கும் குளிர்ச்சிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

அறையின் வெப்பத்தை மறக்க வேண்டாம்

விசிறி வைத்த எந்த ஹீட்சிங்க்கும் ப்ராசசரை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டு செல்ல முடியாது. 22 டிகிரி அறையில் ஒரு ப்ராசசர் 70 டிகிரியில் இருந்தால், அதே வேலையை அதே விசிறி வேகத்தில் 35 டிகிரி அறையில் செய்யும்போது ஏறக்குறைய 83 டிகிரியில் இருக்கும். எனவே சோதனை முடிவுகளைப் படிக்கும்போது, அறை வெப்பம் எவ்வளவு என்று போட்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். ஏசி இல்லாத அறையில் மே மாதத்தைக் கடக்க வேண்டிய நாம், தேவைக்கு ஒரு படி மேலான ஹீட்சிங்க்கை வாங்குவது வீண் செலவல்ல.

அதற்காக எண்ணைப் பார்த்து அஞ்சவும் வேண்டாம். மேலே சொன்ன இன்டெல் ப்ராசசரின் எல்லை 100 டிகிரி. கடும் வேலையின்போது 80 டிகிரியைத் தொட்டால் அது ஆபத்தல்ல. எல்லையைத் தொடும்போது ப்ராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினி சூடான பிறகு மந்தமாகிறது என்றால், காரணம் பெரும்பாலும் இதுவே.

அளவு பொருந்துமா?

திருப்பிக் கொடுக்க நேர்வது பெரும்பாலும் அளவைப் பார்க்காமல் வாங்குவதால்தான். நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்.

1. உயரம்: 120 மி.மீ. விசிறி வைத்த கோபுர வகைகள் பொதுவாக 155 முதல் 160 மி.மீ. உயரம் இருக்கும். நாக்டுவாவின் என்எச்-டி15 என்ற பெரிய வகை 165 மி.மீ. உங்கள் கேபினெட் எவ்வளவு உயரத்தை ஏற்கும் என்று அதன் விவரப் பட்டியலில் இருக்கும்.

2. சாக்கெட்: இன்டெல் எல்ஜிஏ 1700 மதர்போர்டில் திருகுத் துளைகளின் இடைவெளி 78 மி.மீ.; அதற்கு முந்தைய எல்ஜிஏ 1200 வகையில் 75 மி.மீ. பழைய ஹீட்சிங்க்கைப் புதியதில் மாட்டத் தனிப் பொருத்தி தேவைப்படும்.

3. ரேம்: உயரமான ரேம் கார்டுகள் முன்பக்க விசிறியை இடிக்கக்கூடும்.

4. விசிறி இணைப்பு: 4 பின் உள்ளதாக வாங்குங்கள். மதர்போர்டு அதன் வேகத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்த முடியும்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் டெசிபல் எண்ணை வைத்து இரண்டு நிறுவனங்களை ஒப்பிட வேண்டாம். அளக்கும் தூரமும் முறையும் ஒவ்வொருவருக்கும் மாறுபடும். ஒரே இடத்தில், ஒரே முறையில் பலவற்றைச் சோதித்தவர்களின் முடிவே பயன்படும்.

மாட்டும்போது

ஏஎம்4 வகையில் பழைய ஹீட்சிங்க்கை நேராக இழுக்கக் கூடாது. பேஸ்ட் ஒட்டிக்கொண்டு ப்ராசசரும் கையோடு வந்துவிடும், பின்கள் வளைந்துவிடும். கணினியைச் சற்று நேரம் இயக்கிச் சூடாக்கி, அணைத்து இணைப்பைத் துண்டித்த பின், மெல்லத் திருகி எடுக்க வேண்டும். புதியதன் அடித்தட்டில் பாதுகாப்புத் தாள் ஒட்டியிருந்தால் அதை உரித்துவிடுங்கள். பட்டாணி அளவு பேஸ்ட் போதும். திருகுகளை எதிரெதிர் மூலைகளாக, சிறிது சிறிதாக முடுக்குங்கள். விசிறியின் காற்று கேபினெட்டின் பின்பக்கம் நோக்கிச் செல்ல வேண்டும். கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைத்தால் வெளியேறிய வெப்பக் காற்றே திரும்ப உள்ளே வரும். ஒரு சாண் இடைவெளியாவது விடுங்கள்.

தேவையை அறிந்து, அளவைப் பார்த்து வாங்கினால், நல்ல நிலையில் இருக்கும் கணினியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. வீட்டாரின் தூக்கமும் கெடாது, கைப்பணமும் மிஞ்சும்.