இரட்டைச் சுடர்கள் – 9: கிரகணத்தில் சிக்கிய வெடிப்பு

கார்த்திகைக் கூட்டத்துக்கு வடக்கே, வெறும் கண்ணுக்கே தெரியும் அல்கோல், 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கித் தெளிகிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். 1783இல் இதைக் கணக்கிட்ட ஜான் குட்ரிக் இரண்டு காரணங்களைச் சொன்னார்: பெரிய பொருள் ஏதோ குறுக்கே வருகிறது, இல்லையென்றால் நட்சத்திரத்தின் மேலேயே கறைகள் இருக்கின்றன. முதலாவதுதான் சரி. பதினெட்டு வயதுப் பையனுக்கு இதுவே பெரிய காரியம்.

குறுக்கே வருவதும் ஒரு நட்சத்திரம்தான். ஆரஞ்சு நிறம், சூரியனைப்போல் மூன்றரை மடங்கு ஆரம். வெளியடுக்கில் வாயு கொதித்துப் புரள்கிறது. அந்தப் புரளலும் சுழற்சியும் சேர்ந்தால் காந்தப்புலம் பிறக்கும். நம் சூரியன் ஒருமுறை சுழல ஏறத்தாழ 25 நாள் எடுத்துக்கொள்கிறது. இதுவோ மூன்று நாளுக்குள் சுழல்கிறது; காந்தப்புலமும் அதற்கேற்ப வலுவானது. நீல நிறத் துணையின் ஈர்ப்பு இதைப் பிடித்துவைத்திருப்பதால் சுற்றும் வேகமும் சுழலும் வேகமும் ஒன்றாகிவிட்டன. தனியாக இருந்திருந்தால் எப்போதோ சோர்ந்திருக்கும்.

அந்தக் காந்தப்புலத்தின் சீற்றம் 1997 ஆகஸ்ட் 30இல் தெரிந்தது. இத்தாலி–நெதர்லாந்து செயற்கைக்கோளான பெப்போசாக்ஸ், இந்த ஆரஞ்சு நட்சத்திரத்தில் பிரம்மாண்டமான எக்ஸ் கதிர் வெடிப்பு ஒன்றைக் கண்டது. வெடிப்பு மெல்லத் தணிந்துகொண்டிருந்தபோது ஒளி சட்டென்று விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மீண்டும் எழுந்தது. நீல நட்சத்திரம் குறுக்கே வந்து வெடித்த இடத்தை முழுக்க மூடிவிட்டது. அதுவோ எக்ஸ் கதிரை அநேகமாக வெளியிடுவதே இல்லை. இருட்டுத் திரை என்றே சொல்லலாம். எப்போது மறைந்தது, எப்போது வெளிப்பட்டது என்ற நேரங்களை வைத்து வானியலாளர்கள் ஷ்மிட், ஃபவாட்டா இருவரும் 1999இல் இடத்தையே குறித்துவிட்டார்கள்: தென்துருவத்தின் மேல், உயரம் நட்சத்திர ஆரத்தில் 0.6 பங்குக்குள். எந்தத் தனித் தொலைநோக்கியிலும் வெறும் புள்ளியாகத் தெரியும் நட்சத்திரத்தில் இது சாதாரண விஷயமல்ல. அதுவும் துருவத்தில்! சூரியனில் புள்ளிகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

2010இல் வேறொரு காட்சி. தொலைதூர ரேடியோ தொலைநோக்கிகளை இணைத்துப் பார்த்தபோது, ஆரஞ்சு நட்சத்திரத்திலிருந்து பெரிய காந்த வளையம் ஒன்று துணையை நோக்கி நீண்டிருப்பது தெரிந்தது.

இன்னொரு புதிர் உண்டு. அல்கோலின் கிரகணம் பல பத்தாண்டு இடைவெளிகளில் கொஞ்சம் முந்துகிறது, கொஞ்சம் பிந்துகிறது. காந்தப்புலம் ஏறி இறங்கும் சுழற்சி ஆரஞ்சு நட்சத்திரத்தின் வடிவத்தையே சற்று மாற்றுகிறது, அதனால் ஈர்ப்பும் சுற்றுக்காலமும் மாறுகின்றன என்று 1992இல் வானியலாளர் ஆப்பிள்கேட் விளக்கினார். அழகான யோசனைதான். ஆனால் இப்படிப்பட்ட பல ஜோடிகளில் அதற்கு வேண்டிய ஆற்றல் நட்சத்திரத்திடம் இல்லை என்று பின்னால் வந்தவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எனக்கும் ஆப்பிள்கேட் சொன்னது முழு விடையாகப் படவில்லை.

அடுத்த வாரம் புனர்பூசத்துக்குப் போவோம். அங்கே காஸ்டர் நட்சத்திரக் குடும்பத்தில் இரண்டு சிவப்புக் குள்ள நட்சத்திரங்கள் இருபது மணி நேரத்துக்குள் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. கோட்பாடு சொல்வதைவிட இரண்டுமே பருத்திருக்கின்றன. பழி காந்தப்புலத்தின் மேல் விழுந்திருக்கிறது.