530 வாரம் இறங்காத இசைத்தட்டு!

ஒரு சினிமாப் படம் 25 வாரம் ஓடினாலே வெள்ளிவிழா என்று போஸ்டர் ஒட்டிக் கொண்டாடுகிறோம். அமெரிக்காவில் ஒரு இசைத்தட்டு, சாஸ்திரீய இசைக்கான விற்பனைப் பட்டியலில் 530 வாரம் நின்றது. அடேயப்பா! பத்து வருஷத்துக்கு மேல்!

அதில் பாட்டு கிடையாது. பாடகரும் கிடையாது. ஒரு புல்லாங்குழல், ஒரு பியானோ, ஒரு பாஸ், ஒரு டிரம். அவ்வளவுதான்!

குழல் வாசித்தவர் ழான் பியர் ராம்பால். பிரான்சில் மார்செய் நகரில் 1922-ல் பிறந்தவர். அப்பா குழல் வாத்தியார். ஆனால் பையன் படித்தது டாக்டருக்கு!

டாக்டர் படிப்பு போச்சு

1943. பிரான்ஸ் நாஜிகள் பிடியில் இருந்த நேரம். வாலிபர்களைப் பிடித்துக் கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் வருஷ மாணவர் ராம்பாலுக்கும் உத்தரவு வந்தது. போனால் திரும்பி வருவது என்ன நிச்சயம்?

மனிதர் பாரிசுக்கு நழுவி விட்டார். அங்கே இசைக் கல்லூரியில் சேர்ந்தார். ஐந்தே மாதத்தில் முதல் பரிசு!

1948-ல் இன்னொரு அதிசயம். 1869-ல் லூயி லோ என்பவர் செய்த தங்கக் குழலை, ஒரு பழம்பொருள் வியாபாரி தங்கத்துக்காக உருக்க இருந்தார். ராம்பால் பதறிப் போய்ப் பணம் புரட்டினார். குழல் தப்பியது!

இரண்டு கட்சி

பியானோக்காரர் குளோது போலிங். 1930-ல் கான் நகரில் பிறந்தவர். 14 வயதிலேயே ஜாஸ் வாசித்துச் சம்பாதித்தவர். சினிமாவுக்கும் இசை அமைத்தவர்.

சாஸ்திரீய வித்வானுக்கு எழுதியது எழுதியபடி வரவேண்டும். ஜாஸ்காரருக்கோ அந்த நேரத்துக் கற்பனைதான் உயிர். இரண்டு பேரும் எப்படி ஒத்துப் போவது? கொஞ்சம் பிசகினாலும் ராம்பால் சேர்த்த பெயர் காற்றில் போய்விடும்.

போலிங் ஒரு யுக்தி செய்தார். குழலுக்குப் பழைய பாணியில் ஸ்வரம் ஸ்வரமாக எழுதிக் கொடுத்தார். பியானோ அதே பாணியில் கூடவே வரும். திடீரென்று ஜாஸுக்குத் தாவும். பாஸும் டிரம்மும் தட்டிக் கொடுக்கும். குழல் அசராமல் தன் வழியே போகும். அவரவர் அவரவராகவே இருந்தார்கள். அதுதான் ருசி!

மொத்தம் 7 பகுதி. ஆறாவதில் ராம்பால், சாதாரணக் குழலை வைத்துவிட்டு, கனத்த குரலுள்ள பாஸ் குழலையும் எடுக்கிறார். கடைசிப் பகுதி ஒரே ஓட்டம்!

அட்டைப்பட குறும்பு

1975-ல் அமெரிக்கக் கடைகளுக்கு இசைத்தட்டு வந்தது. அட்டைப்படத்தில் குழலும் பியானோவும் ஒரே கட்டிலில் படுத்திருக்கும்! கச்சேரி பக்கமே போகாதவர்களும் வாங்கினார்கள். ஜாஸ் பிரியர்களும் வாங்கினார்கள்.

ராம்பால் 2000-ல் காலமானார். போலிங் 2020 டிசம்பரில் மறைந்தார். குழல் படிக்கும் பிள்ளைகள் அந்த ஏழு பகுதிகளையும் இன்றும் வாசிக்கிறார்கள்.

1943-ல் அந்த மாணவர் உத்தரவுக்குப் பயந்து ஜெர்மனிக்கு ரயில் ஏறியிருந்தால்? இத்தனையும் ஏது!