மன்னிப்பு இருக்கிறது, பரிகாரம் எங்கே?

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலைச் சுற்றிய வீதிகளில் ஒடுக்கப்பட்டோர் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. 1936இல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்தது. 'சாமி காரியத்தில் கேள்வி கேட்காதே' என்று சொன்னவர்களிடம் கேள்வி கேட்டதால்தான் அந்த வாசல் திறந்தது. இன்று அதே கேள்வியைக் கத்தோலிக்கத் திருச்சபையிடமும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஊட்டி மறைமாவட்டப் பாதிரியார் ஒருவர், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் பணியாற்றியபோது சிறுமிகளிடம் பாலியல் கொடுமை செய்ததாக வழக்கு. 2012இல் தமிழகத்தில் கைதாகி, 2014இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டார். 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். 2016 தொடக்கத்தில், வத்திக்கானைக் கலந்துகொண்டு, அவர் மீதிருந்த பணித்தடையை ஊட்டி ஆயர் நீக்கினார்.

'தண்டனைதான் முடிந்துவிட்டதே, மன்னிக்கக் கூடாதா?' என்று கேட்பவர்கள் உண்டு. ஞானோபதேச வகுப்பில் நம் பிள்ளைகள் படிப்பது என்ன? பாவத்தை எண்ணிப் பார்த்தல், மனம் வருந்துதல், இனிச் செய்வதில்லை என்ற உறுதி, அறிக்கையிடுதல், கடைசியாகப் பரிகாரம். மன்னிப்பு கடவுள் தருவது. பதவி அப்படியல்ல; அது மக்களின் நம்பிக்கையில் நிற்பது. பாதிக்கப்பட்ட பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் கொடுக்கும் பதவி பரிகாரம் ஆகாது.

இதில் தலித் மக்களுக்கு என்ன இருக்கிறது? இந்தியக் கத்தோலிக்கர் சுமார் 1.9 கோடிப் பேரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று 2016இல் ஆயர் பேரவையே தன் கொள்கை ஆவணத்தில் சொன்னது. பள்ளிச் சேர்க்கை, விடுதி, ஞானஸ்நானச் சான்று, கல்யாணம், கல்லறை எல்லாம் பங்குத்தந்தையின் கையெழுத்தில் இருக்கும்போது, கூலிக்காரக் குடும்பம் யாரை எதிர்த்து வாய் திறக்கும்? கிறித்தவத் தலித்துகளை 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதியில் சேர்க்கவில்லை. ஆகவே 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் அவர்களுக்குத் துணை வராது. சாதியால் ஒடுக்கப்படுகிறார்கள்; சாதியின் பெயரிலான பாதுகாப்பு மட்டும் இல்லை.

ஆனால் வேறு வழிகள் உண்டு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் மதம் பார்ப்பதில்லை. குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் உள்ளவர் செய்ததை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. திருச்சபைக்குள்ளும், 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொண்டுவந்த விதிப்படி, பாதிரியாரும் துறவியரும் இத்தகைய குற்றத்தை மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மூடி மறைத்தவர் ஆயரே ஆனாலும் விசாரணை உண்டு.

எனவே, 'சபையின் மானம் போய்விடும்' என்று யாராவது தடுத்தால், மானம் போவது குற்றம் செய்ததால்தான், சொன்னதால் அல்ல என்று பதில் சொல்லுங்கள். பிள்ளை ஏதாவது சொன்னால் முதலில் நம்புங்கள். பங்களாவுக்குச் சமரசம் பேசப் போகாமல் 1098க்கு அழையுங்கள். அது விசுவாசத்துக்கு எதிரானதல்ல. விசுவாசம் கேட்கும் பரிகாரத்தின் தொடக்கம் அதுதான்.